சிவனும் செவ்வாய்க்கிழமைக் குப்பையும்

“…எழுதினா பதில் வராது, தம்பி. ஃபோன் எடுத்தா பாட்டைப் போட்டுவிட்டிட்டுப் போயிடுவாங்கள். நேரில போனா இந்தக் கவுண்டர் இல்லை, அந்தக் கவுண்டர் எண்டுவாங்கள். ஆனா செவ்வாய்க்கிழமை விடிய எழும்பி யன்னலால பாத்தா வாசல்ல குப்பை இருக்காது. ஆர் வந்தது, எப்ப வந்தது, ஒண்டும் தெரியாது. ஆனா எடுபட்டிருக்கும். எனக்குச் சிவன் அப்பிடித்தான். கவுன்சில் மாதிரி.”

பவளக்கா இதைச் சொன்னபோது நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவருக்கான கல்வெட்டில், மனைவி புலம்பல் என்ற பகுதியில், ‘கயிலை நாதன் கழலடி’ வரை வந்திருந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

லண்டனில் குப்பை அள்ளும் நகரசபைதான் கவுன்சில். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். எல்லாக் கவுன்சிலுக்கும் பொருந்தும்.

மெஷினோடு வந்த புலம்பல்

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் நான் அச்சகம் வைத்திருந்த காலத்தைப் பற்றி எழுதச் சொல்லித் தொழிலில் இருக்கும் இளம் ஆட்கள் சிலர் கேட்டார்கள். கல்யாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டு அட்டை, கோயில் நோட்டீஸ், டேக்எவே மெனு எல்லாம் அடித்தேன். ஆனால் என் பெயர் ஊருக்குள் நின்றது கல்வெட்டால்தான். தமிழ்நாட்டு நண்பர்களிடம் கல்வெட்டு என்றால் கோயில் சுவரைப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது ஒரு சின்னப் புத்தகம். ஆள் செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பது. ஏ5 அளவு, நடுவில் இரண்டு ஸ்டேப்பிள், மேலட்டை லமினேஷன்.

மேலட்டையில் இறந்தவரின் படம், பின்னால் கைலாய மலை. பாஸ்போட் படத்தை, இல்லாவிட்டால் வேலைத்தலத்தில் எடுத்த படத்தைத்தான் கொண்டுவருவார்கள். பெட்ரோல் ஸ்டேஷன் யூனிஃபோமோடு நிற்கிற மனிதரின் சட்டையைக் கம்ப்யூட்டரில் கழற்றி, வேட்டி கட்டி, சால்வை போர்த்தி, மேகத்துக்கு நடுவில் நிறுத்திவிடுவேன். சிலர் உயிரோடிருந்த காலத்தில் வேட்டி கட்டியதே இல்லை.

உள்ளே தேவாரம், வம்ச விபரம், அதற்குப் பிறகு புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாம் செய்யுளில். எல்லாம் அவரவர் வாயால் சொல்வதுபோல. எழுதுவது நான். லண்டனில் பிறந்து, தமிழில் தண்ணீர் கேட்கவே தடுமாறும் பேரன் என் கல்வெட்டில் எதுகை தவறாமல் அழுவான்.

நான் புலவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் என்னை வெளியில் நிறுத்திய நாட்கள்தான் அதிகம். எனக்கு முன்னால் அந்தக் கடையை வைத்திருந்தவர் ஒப்செட் மெஷினை விற்றபோது ஒரு பெட்டி புலம்பலையும் சேர்த்துக் கொடுத்தார். பெயரை மாற்றினால் போதும். அதில் ஆண்கள் எல்லாரும் ஆலமரம், பெண்கள் எல்லாரும் குலவிளக்கு. நான் அனுப்பிவைத்த ஆலமரங்களை நட்டிருந்தால் கிழக்கு லண்டனில் வெயில் விழுந்திருக்காது. யாப்பை அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் நானே பழகினேன். எண்ணி எண்ணிப் பார்த்தால் பிடிபடும். டைப் அடிக்கிறவனுக்கு எழுத்தை எண்ணுவது புதிதில்லை.

எனக்குப் பிடித்தது பெட்டியில் இருந்தது இல்லை, கவுண்டரில் கேட்டது. சனம் கல்வெட்டுக்குக் குறிப்புக் கொடுக்க வந்து நிற்கும்போது பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். ஒரு பெடியன் சொன்னான்: “அம்மா ரவுட்டர் மாதிரி அண்ணை. அவ இருந்த அறைக்குள்ளதான் எங்கள் எல்லாருக்கும் சிக்னல் கிடைச்சது.” ஒரு மனுசி தன் புருசனைப் பற்றி: “ஃப்ரிட்ஜ் மாதிரி மனுசன். இரவு முழுக்க உறுமிக்கொண்டு நிக்கும். நிண்டாப் பிறகுதான் வீடு இவ்வளவு அமைதியெண்டு தெரிஞ்சது.” நான் உருகிப்போய், “இதையே எழுதட்டோ?” என்று கேட்பேன். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவார்கள். “சீச்சீ, சனம் சிரிக்கும். நீங்கள் வழமையா அடிக்கிறதையே அடியுங்கோ.” அந்த மனிதரும் ஆலமரமாகிப் போய்ச் சேர்வார்.

பவளக்கா ஒருவர்தான் அப்படிச் சொல்லவில்லை.

பவளக்கா சொன்னது

அவருடைய கணவர் தர்மகுலசிங்கம். சிங்கண்ணை என்றால் பிளேஸ்டோவில் எல்லாருக்கும் தெரியும். சுப்பர்மார்க்கெட் வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட் செய்த மனிதர். வாய் கொஞ்சம் நீளம். கோயிலில் புதிதாக வெள்ளிக் கதவு போட்டபோது, “உள்ளுக்கு இருக்கிறவர் சுடலையில சாம்பல் பூசித் திரிஞ்சவர், அவருக்கேன் உந்த ஷோரூம்?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டவர். கேட்டது யாரிடம் என்றால், கோயில் நிர்வாகத் தலைவரான தன் சொந்த அண்ணனிடம். லண்டனின் மறுகோடியில், ஹரோவில் இருக்கும் அருளம்பலம் அண்ணை.

அந்த வாய்க்காரருக்கு ஒரு வேலை மட்டும் கோயில் பூசை போல. திங்கட்கிழமை பின்னேரம் வீலி பின்னை, அதுதான் சில்லு வைத்த குப்பைத் தொட்டியை, வாசலுக்குத் தள்ளி வைப்பது. கைப்பிடி ரோட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், மூடி மூடியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவனுடையதையும், எதிர்வீட்டுக்காரர் மறந்தால் அவர்களுடையதையும் வைப்பார். காய்ச்சல் என்றாலும் வைப்பார். அந்தத் திங்கட்கிழமையும் வைத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, படுத்தார். எழும்பவில்லை.

“அண்டைக்கும் அவர்தானே தம்பி வெளியில வைச்சவர்,” என்றார் பவளக்கா. “விடிய எழும்பிப் பாக்கிறன், வாசல்ல குப்பையும் இல்லை. கட்டில்ல ஆளும் இல்லை. உடம்பு கிடக்கு, ஆள் இல்லை. ரெண்டையும் ஒரே கையாத்தான் எடுத்திருக்கிறார். சத்தமே கேக்கேல்லை.”

அழவில்லை. கவுண்டரில் கிடந்த அட்டைச் சாம்பிளை நேராக்கிக்கொண்டு சொன்னார்.

“அக்கா, இதை நான் எழுதட்டோ?” என்றேன், வழக்கமான பதிலை எதிர்பார்த்து.

“பின்னை என்னத்துக்கு உங்களுக்குச் சொல்லுறன்? மனைவி புலம்பல் எண்டுதானே பேர். என்ர வாயால வந்ததை எழுதுங்கோ. முப்பத்தஞ்சு வருசமா அந்த மனுசன் கதைச்சது, நான் கேட்டது. இதொரு பக்கம் நான் கதைக்கிறன்.”

அன்று மத்தியானம் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மெனு அச்சுக்கு வந்தவர்களை நாளை வரச் சொன்னேன். எழுதியது இது:

எழுதினேன் பதிலே இல்லை; எடுத்தவர் பாட்டுப் போட்டார்;
அழுதுநான் கேட்ட தொன்றும் அவனிடம் இருந்து வாரா;
பழுதிலாச் செவ்வாய் தோறும் பழையன எடுத்துப் போனான்,
முழுதையும் வெளியில் வைத்த முதல்வரே, உம்மைக் கூட.

தலைப்பில் ‘சிவன் என்னும் கவுன்சில்’ என்று போட்டேன். இல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது.

ஹரோவிலிருந்து வந்த ஃபோன்

புரூஃபைப் பிடிஎஃப் ஆக்கிக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வழக்கம். பிழை திருத்தத்தான் போடுவோம். வழக்கமாக வருவது, ‘மருமகனின் பட்டத்தில் எம்எஸ்சி விடுபட்டுவிட்டது’ என்பதுதான். இந்த முறை ஐந்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

“ஐசே, உமக்கு விசரோ?” அருளம்பலம் அண்ணைதான். என்னைவிட மூத்தவர், கோயில் தலைவரும் என்றபடியால் நான் அண்ணை என்பேன், அவர் ஐசே என்பார். “சிவபெருமானைக் கவுன்சில் எண்டு அடிச்சு வைச்சிருக்கிறீர்!”

“பவளக்கா சொன்னது, அண்ணை.”

“அவ கவலையில என்னவும் சொல்லுவா. நீர் அச்சடிக்கிறதே? அதுவும் கடைசி வரி! குப்பையை எடுத்தமாதிரி எடுத்தாராம். என்ர தம்பி குப்பையோ?”

இந்தக் கேள்வி எனக்கும் சுட்டது. மனிதருக்கு ஒரே தம்பி. வெள்ளிக் கதவு விடயத்தில் இரண்டு பேரும் வருசக்கணக்காகக் கதைக்காமல் இருந்து, கதைக்காமலே ஒருவர் போய்விட்டார். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணை, குப்பையில பிழை பிடிக்கிறியள், சரி. பதில் வராது எண்டதில என்ன பிழை?”

“நான் மூண்டு வேளை கும்பிடுற ஆள். எனக்கு முன்னால நிண்டு சிவன் பதில் சொல்லமாட்டார் எண்டு ஆரும் சொல்லேலாது.”

“உங்களுக்குப் பதில் வாறதோ, அண்ணை?”

வெட்டிவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் ஹரோவில் ரயில் போகிற ஓசை கேட்டது.

“அது வேற கதை,” என்றார். “உந்தப் பக்கம் இருந்தா நான் கல்வெட்டுப் படிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்.”

இது சின்ன மிரட்டல் இல்லை. கல்வெட்டை அடித்தால் மட்டும் போதாது. சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது இராகத்தோடு எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். லண்டனில் அதற்கு அருளம்பலம் அண்ணையின் குரலை விட்டால் ஆள் இல்லை. அதோடு, சொந்த அண்ணன் தம்பியின் கல்வெட்டைப் படிக்காமல் இருந்தால் சனம் சாப்பாட்டை மறந்துவிட்டு அதைத்தான் மெல்லும். பவளக்கா மிச்சக் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு இந்த ஊரில் இருக்க வேண்டும்.

அச்சகக்காரனின் மூளை உடனே குறுக்கு வழியில் போனது. பவளக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். “அக்கா, ரெண்டு விதமா அடிப்பம். அருளம்பலம் அத்தான் படிக்கிறதுக்கும் கோயில் ஆக்களுக்கும் ஆலமரம் போட்ட கொப்பி. உங்களுக்கும் பிள்ளைக்கும் மற்றது.”

“ரெண்டு சிவன் அடிப்பியளோ?” என்றார் பவளக்கா. “எனக்கொரு பக்கம் போதும் தம்பி. அத்தான் படிக்காட்டி விடட்டும். பிள்ளை என்ன சொல்றாள் எண்டு மட்டும் கேளுங்கோ. அவள் வேண்டாமெண்டா எடுத்துவிடுங்கோ. அவளுக்கும் அப்பாதானே.”

ஆக, எல்லாம் மகள் துஷியின் தலையில் வந்து நின்றது.

துஷியின் ஆட்கள்

துஷ்யந்தி ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறாள். வகுப்பு முடித்து நேரே கடைக்கு வந்தாள், முதுகில் பை, கையில் தலைக்கவசம். சைக்கிளை உள்ளே கொண்டுவந்து என் பேப்பர் கட்டில் சாய்த்தாள்.

“அங்கிள், அந்த கவுன்சில் போயம். ப்ளீஸ். வேற ஏதாவது போடுங்கோ.”

“பிள்ளைக்குப் பிடிக்கேல்லையோ?”

“பிடிச்சது. அதுதான் பிரச்சினை.” ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். “நான் வகுப்பில படிப்பிக்கிறதே உதைத்தான்.”

“கவுன்சிலையோ?”

சிரித்தாள். பிறகு அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். பியூரிட்டன் என்று ஒரு கூட்டம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியதாம். தேவாலயத்தில் படம் வேண்டாம், சிலை வேண்டாம், கண்ணாடி ஜோடனை வேண்டாம் என்று சண்டை பிடித்த ஆட்கள்.

“எங்கட சிங்கண்ணை,” என்றேன்.

“ஓம், அப்பா அங்க பிறந்திருக்கவேணும். அவையளும் ஆராவது செத்தா பாட்டு எழுதுவினம் அங்கிள். எழுதி, பிரேதப் பெட்டிக்கு மேல போடுற துணியில குத்திவிடுவினம்.”

“லமினேட் பண்ணியோ?”

“அங்கிள்!”

“சரி, சொல்லுங்கோ.”

“சுவரில படத்தை அழிச்சுப்போட்டு, பாட்டுக்குள்ள முழுக்கப் படம்தான். அதுவும் குசினிக்குள்ள இருந்து எடுக்கிறது. கடவுள் பாத்திரம் தேய்ப்பார். மா குழைப்பார். துணி தோய்ப்பார். தங்களைச் சாம்பல், எரு, கறள் பிடிச்ச சட்டி எண்டு சொல்லுவினம். வாசிச்சா முதல் சிரிப்பு வரும். பிறகு பயம் வரும்.”

எனக்கு அந்தக் கூட்டத்தை உடனே பிடித்துவிட்டது. சிலையை வாசலால் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, நாக்குக்குக் கீழே ஒளித்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல கள்ளர்.

“ஏன் பிள்ளை குசினி? கடவுளுக்குச் சூரியன், சமுத்திரம் எண்டு சொன்னா என்ன?”

“அப்பிடி வடிவான உவமை சொன்னா ஆக்கள் அதையே கும்பிட்டிடுவினம் எண்டு பயம். சட்டி பானையை ஆரும் கும்பிடப் போறேல்லைதானே? அதால சட்டி பானை சேஃப். இது கடவுள் இல்லை, சும்மா உவமைதான் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

நான் ஒப்செட் மெஷினைக் காட்டினேன். அதன் நெற்றியில் போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பக்கத்தில் கட்டர், ஸ்டேப்லர் எல்லாவற்றுக்கும் பொட்டு. “உந்தத் தியரி வெள்ளைக்காரனுக்குச் சரி பிள்ளை. எங்கட சனத்திட்ட எடுபடாது. ஒருத்தர் ஏர் ஃப்ரையருக்கு விபூதி பூசிப் படம் அனுப்பினவர். நாளைக்கு இந்தப் பாட்டை வாசிச்சிட்டு வீலி பின்னுக்கு மாலை போட்டாலும் போடுவினம்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனேன். அது எங்கள் தொழிலில் பழக்கம். கல்வெட்டுக்கு வருகிறவர்களுக்குத் திசு பேப்பரை நீட்டக் கூடாது, கெட்டிலின் பட்டனை அமுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும்.

கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டேன். “அப்ப அம்மா சொன்னது உங்கட ஆக்கள் சொன்னதுதானே? அவையளைப் படிப்பிப்பியள், அம்மாவை அச்சடிக்கக் கூடாதோ?”

“அது வேற, அங்கிள்.”

“என்ன வேற?”

“அவையள் ஒருத்தரும் என்ர அப்பா இல்லை.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். “அம்மா உங்களிட்ட ஒரு பக்கம் கேட்டிருக்கிறாவோ அங்கிள்? எங்களிட்ட ஒண்டும் கேட்டதில்லை. போடுங்கோ. ஆனா நான் அந்தப் பக்கத்தைப் பாக்கமாட்டன்.”

மறுநாள் காலை அடித்தேன். ஒரே விதமாக.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவைக்கிறேன், கடைசியில் சொல்ல எனக்கு இடம் இருக்காது. இப்போது கல்வெட்டுக்கு ஆப் வந்துவிட்டது என்கிறார்கள். பெயரை இட்டால் புலம்பல் வருமாம். நல்லது, என் பெட்டியும் அதைத்தான் செய்தது. ஆனால் கவுண்டரில் ஆள் வாயைத் திறந்தால், டெம்ப்ளேட்டைத் திறக்காதீர்கள். ஆள் முடிக்கும்வரை கேளுங்கள். அவர்கள் ரவுட்டர் என்பார்கள், ஃப்ரிட்ஜ் என்பார்கள், கவுன்சில் என்பார்கள். அந்த வீட்டில் இருந்த துக்கம் அதுதான். ஆலமரம் நாங்கள் கொண்டுபோய் நட்டது. அவர்கள் வெட்கப்பட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்று ஒருவர் சொன்னால், யார் ஃபோன் எடுத்தாலும் அடியுங்கள்.

பாங்க் ஹொலிடே திங்கள்

கிரியையை ஐயர் உரிய நாளில் செய்து முடித்திருந்தார். சாப்பாடும் கல்வெட்டுப் படிப்பும் மட்டும் பொது விடுமுறையான பாங்க் ஹொலிடே திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போனது. வேலை நாளில் லண்டனில் யார் வருவார்கள்? பவளக்காவின் வீட்டில்தான் நடந்தது. முன் அறை, நடை, படிக்கட்டு எல்லாம் சனம். பின் வளவில் போட்ட கூடாரத்திலிருந்து வாழைக்காய்ப் பொரியல் வாசம் வந்தது. நான் கல்வெட்டுப் பெட்டியோடு வாசல் கதவடியில் நின்றேன்.

அருளம்பலம் அண்ணை வந்தார். வந்ததே பெரிய காரியம். என்னைப் பார்க்காமல் ஒரு கொப்பியை எடுத்தார். முன் அறையில் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். தேவாரம், வம்சம், சகோதரர் புலம்பல் என்று படித்துக்கொண்டு போனார். சகோதரர் புலம்பல் அவருடையது; நான் எழுதியது; அதில் சிங்கண்ணை ஆலமரம். குரல் சும்மா சொல்லக்கூடாது, படிக்கட்டில் விளையாடிய பிள்ளைகள்கூட நின்று கேட்டார்கள்.

மனைவி புலம்பல் பக்கம் வந்தது. கொப்பியை மூடினார். மடியில் வைத்தார்.

அறை முழுக்கத் தெரிந்த செய்திதான் அது. வாட்ஸ்அப் முந்தியே சொல்லிவிட்டிருந்தது. பவளக்கா சுவரோரம் நிலத்தில் உட்கார்ந்திருந்தார், கைகளை மடியில் கோத்தபடி. அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு என் கடையையே இழுத்து மூடிவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது.

துஷி எழும்பினாள். பெரியப்பாவின் மடியில் இருந்த கொப்பியைக் கேட்காமலே எடுத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நின்ற தமிழ். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

“எழு…தினேன் பதிலே இல்லை. எடுத்தவர்… பாட்டுப் போட்டார்.”

மூலையில் யாரோ மூக்கால் சிரித்துவிட்டார்கள். பிறகு படிக்கட்டில் ஒருவர். கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்துக் காத்திருந்த அனுபவம் இல்லாத ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. சிரிப்பு நடை வழியாகக் கூடாரம்வரை போனது. திரும்பிப் பார்த்தால் அருளம்பலம் அண்ணையின் தோள் குலுங்குகிறது. மனிதர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிறார். துஷி நிறுத்தவில்லை. மூன்றாவது வரி. நாலாவது வரி. ‘உம்மைக் கூட’ என்ற இடத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது. சிரிப்பும் அதோடு நின்றது.

“அப்பிடி இல்லை, பிள்ளை,” என்றார் அருளம்பலம் அண்ணை. “விருத்தத்தை உப்பிடி வாசிக்கிறேல்லை. இழுத்துப் படிக்கவேணும். கொண்டா.”

வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எடுத்தார் பாருங்கள் முகாரி. ‘எழுதினேன் பதிலே இல்லை’ என்ற அடியை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பாடினார். ஒவ்வொரு முறையும் அது வேறு யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. முதல் முறை சிவனிடம். இரண்டாவது முறை தம்பியிடம் என்று நினைக்கிறேன். கவுன்சில் இந்த உலகத்தில் எங்கேயும் அவ்வளவு மரியாதையாகப் பாடப்பட்டிருக்காது.

அவர் கடைசி அடிக்கு வருவதற்குள் பவளக்கா எழும்பினார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சனத்தின் கால்களைக் கடந்து நடைக்கு வந்தார். உள்ளே அழுவதற்கு இடமில்லாமல் வருகிறார் என்று நினைத்து நான் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அவர் என்னைத் தாண்டிப் போய், யன்னலுக்குக் கீழே நின்ற வீலி பின்னின் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்தார். வாழையிலையும் பேப்பர்த் தட்டும் நிரம்பி மூடி அரைவாசி திறந்திருந்தது. உள்ளங்கையால் அமுக்கி மூடினார்.

“அக்கா, நான் வைக்கிறன், விடுங்கோ.”

விடவில்லை. சில்லு கல்லில் கடகடவென்று உருண்டது.

“பாங்க் ஹொலிடே கிழமை அக்கா. நாளைக்கு வருவாங்களோ தெரியாது.”

“தெரியாதுதான்,” என்றார் பவளக்கா. வீலி பின்னை ரோட்டோரம் நிறுத்தி, கைப்பிடி ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவனுடையதை எடுக்கப் போனார்.